பூவரசின் அடியில் ஒரு வெள்ளை

எல்சி துணியில் மரம் மட்டும்தான் வரைவாள். கடைக்காரர்கள் வந்து யானை கேட்பார்கள், மான் கேட்பார்கள்.

"மானைப் போடுங்கோ அக்கா, வெள்ளைக்காரர் விரும்பி வாங்குவினம்" என்று ஒருவன் கெஞ்சினான்.

"எங்கட ஊரில மான் பஸ் ஸ்ராண்டில நிண்டு கடதாசி தின்னுது. அவையளை அங்க போய்ப் பாக்கச் சொல்லு" என்று நான்தான் துரத்தினேன். நான் பக்கத்து வீட்டுக்காரி. எல்சிக்கு வாய் கிடையாது, அவளுக்கும் சேர்த்து நானே பேசுவேன்.

அவள் வரைந்ததெல்லாம் ஒரே மரம், எங்கள் கரையில் நின்ற பூவரசு. அவள் புருசன் தம்பிராசா அதன் கீழே இருந்துதான் கிழிந்த வலை பொத்துவான். ஒரு மாரியில் கடலுக்குப் போனான். தோணி மட்டும் கிண்ணியாப் பக்கம் ஒதுங்கியது. மகள் ஜெசிகா அப்போது வயிற்றில். பிறகு றோட்டை அகலமாக்க வந்தவர்கள் பூவரசையும் தறித்துப் போட்டார்கள்.

என் மனுசன் குடித்துச் செத்தவன். ஆனாலும் செத்தவன். எரித்தோம், சாம்பலைக் கடலில் கரைத்தோம், முடிந்தது. எல்சிக்கு அதுகூட இல்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு வேதக்காரச் சனம் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும். எல்சி போக மாட்டாள். யாருடைய கல்லறைக்குப் போவது? அன்றைக்குக் குசினி அடுப்பில் மெழுகை உருக்கிக்கொண்டு துணியோடு இருப்பாள்.

பற்றிக் என்கிற இந்தத் துணிச்சாய வேலையில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிதண்ணீரில் போட்டு மெழுகைக் கழற்றினால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். விற்கிற துணிகளைத் தவிர, அலுமாரியில் ஒரு பெரிய துணியை வைத்து வருசக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள். மரத்தடியில், வேரோடு ஒட்டி, கொஞ்ச இடத்தை மெழுகால் மூடியிருந்தாள்.

"இதென்னடி, ஓட்டை மாதிரி?"

"அது அவர், அக்கா. இருந்து வலை பொத்துறார்."

"அப்ப முகத்தைக் கீறன்."

"முகம் மறந்து போச்சு. இருந்த இடம் மறக்கேல்ல. அவருக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அழுவாள்."

இந்த வருசம் எல்சிக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, மற்றக் கை நடுங்கும். அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் மரங்களை வரைகிறவர்களுக்கு ஒரு கண்காட்சி. ஜெசிகா போனில் படம் அனுப்ப, பெரிய துணியைக் கேட்டார்கள்.

"போகட்டும். அவரையும் நாலு பேர் பாக்கட்டும்" என்று எல்சி என் காதுக்குள் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

மெழுகு கழற்றுகிற வேலையை ஜெசிகா செய்தாள். துணி காய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, அம்மாவுக்குக் கை நடுங்கினதில மெழுகு கொட்டுண்டு அடியில வெள்ளையா நிண்டது. பாவம், அவவுக்குத் தெரிஞ்சால் மனம் நோகும். நானே மண்ணிறம் குடுத்து மூடிட்டன். கண்டுபிடிக்க ஏலுமோ பாருங்கோ."

கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஏறின சாயம் இனி இறங்காது. ஊரையே ஏசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

ஜெசிகா தாயைக் கதிரையில் இருத்தி, துணியை மடியில் விரித்தாள். எல்சி நல்ல கையால் கொப்பைத் தடவினாள், அடிமரத்தைத் தடவினாள், வேருக்கு வந்ததும் கை நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வடிவா இருக்கோ அம்மா?"

எல்சி மகளின் பக்கம் திரும்பினாள்.

"ஓம் பிள்ளை. நல்லாச் செய்திருக்கிறாய். அந்த இடம் இவ்வளவு காலமும் வெயில்ல கிடந்தது. இப்ப நிழல் விழுந்திட்டுது."

ஜெசிகா சிரித்துக்கொண்டே துணியை மடித்து எடுத்துப் போனாள். எல்சியின் கை மட்டும் வெறும் மடியில் அதே இடத்தில் கிடந்தது.

"அக்கா, வாற திருநாளுக்கு என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களே?"

"ஆருடைய கல்லறைக்கடி?"

"ஆருடையதெண்டாலும் பரவாயில்லை" என்றாள்.