கழுவி வைத்த ஓடை

முதன்முதலில் என் கண்ணில் பட்டபோது வீரமுத்து ஓடைக்கரையில் குந்தி, தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார். பின்னால் மாடுகள் காத்து நின்றன. "பெயிண்டு வாடை அடிக்குது. இன்னிக்கி வேணாம்டி," என்று அவற்றிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே ஓட்டினார்.

சுவா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்ந்தவர் அவர். அங்கே ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. பிறகு, மேட்டில் பழைய எண்ணெயைக் காய்ச்சும் ஆலை வந்தது. அதன் பின் அவருடைய பசுக்கள் வாயில் நுரை தள்ளிச் சாகத் தொடங்கின. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவர் ஏறாத அலுவலகம் இல்லை.

"ஆறுன்னா ஒரு ஆபீசாம், காவான்னா முனிசிபலாம், கம்பெனிக்கு லைசன் குடுத்தது வேற ஆளாம். மாடு மட்டும் என்னுதாம்லா," என்பார். சிரிக்க மாட்டார்.

ஒருவழியாக, தண்ணீர் எடுத்துச் சோதிக்க அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், பழைய மண்டோர் எழுந்துவிட்டார். தோட்டத் துரை வருமுன் தொழிலாளர் லயத்தைக் கூட்டிச் சுண்ணாம்பு அடிக்க வைத்தே பழகியவர். சனங்களைத் திரட்டி, ஊர்கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் போட்டார். செத்து மிதந்த மீன்களைப் புதைத்தார்கள். கரையில் படிந்திருந்த கரிய பிசினைச் சுரண்டி எடுத்தார்கள். பழைய குளத்து மதகைத் திறந்துவிட்டதும் நல்ல தண்ணீர் ஓடையை அலசிக்கொண்டு ஓடியது.

"பெரிய மனுசங்க வர்ற எடம். அசிங்கமாவா வெச்சிருக்கிறது?"

வந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி போத்தலில் நீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "பெர்சேலா, பக்சிக்." சுத்தமாக இருக்கிறதே பெரியவரே என்ற அந்தச் சொல்லில் வீரமுத்து குளிர்ந்துபோனார். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

தண்ணீரில் குற்றமில்லை என்று முடிவு வந்தது. ஆலை முன்னைவிட மும்முரமாக ஓடியது. அவர் மனைவி செல்லம்தான் போட்டு உடைத்தார்: "கம்பெனிக்காரன் செய்ய வேண்டிய வேலைய ஓசியில செஞ்சு குடுத்திட்டு வந்திருக்கீங்க. வாங்க மண்டோரே, சோறு தின்னுங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை.

நேற்றுக் காலை சினைப்பசுவும் ஓடைக்கரையில் விழுந்து செத்தது. மறுபடி புகார், மறுபடி "வருகிறோம்" என்ற பதில். இன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு சசிதரன் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"பொதைச்சிருவோம் மாமா, நாறுது. ஆபீசருங்க வேற வர்றாங்க."

"வர்றாங்கன்னுதான்டா போட்டு வெச்சிருக்கேன். எடுத்திட்டுப் போடா ஒன் மண்வெட்டிய."

அதிகாரிகள் இன்னும் வரவில்லை. வீரமுத்து இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், செத்த பசுவின் கண்ணில் மொய்க்கும் ஈக்களைத் துண்டால் விரட்டிக்கொண்டு.