அப்பா இழுத்த ஒயர்கள்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டின் ஒயரிங் முழுவதும் அப்பாவின் கைவேலை. அவர் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். வீடு கட்டியபோது லீவு போட்டுவிட்டு, கீழ்வீட்டுக்கும் மாடி அறைக்கும் தானே ஒயர் இழுத்தார். அந்தக் காலத்தில் பலரும் போட்ட அலுமினிய ஒயர்தான். அம்மா போன பிறகு கீழே நானும் அவரும் மட்டும் இருந்தோம். மாடி அறையில், பியூட்டி பார்லரில் வேலை செய்த திருப்பத்தூர்ப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படியிறங்கி வந்தாள்.

"அண்ணா, பிளக் போடுற எடம் கொதிக்குது. லைட்டும் விட்டு விட்டு எரியுது."

நான் பதில் சொல்வதற்குள் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மாடி ஏறிவிட்டார். "ஸ்க்ரூ லூசு. டைட் பண்ணிட்டேன்" என்று இறங்கி வந்தார். சில நாட்களில் அவள் மறுபடி வந்தாள். அவரும் மறுபடி ஏறினார். மூன்றாம் முறை நான் போய்ப் பார்த்தபோது போர்டில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. அப்பாவிடம் கேட்காமலே, அவள் சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்த நாளில், ஓர் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

கன்னடக்காரர், ஐம்பது வயதிருக்கும். போர்டைக் கழற்றி ஒயரை மெல்ல இழுத்தார். நுனி ஒடிந்து அவர் கையோடு வந்தது.

"இது அலுமினியம் சார். சூடானா விரியும், ஆறினா சுருங்கும். அதான் ஸ்க்ரூ லூசாகிட்டே இருக்கு. டைட் பண்ணிப் பண்ணி ஒயரும் நசுங்கிப் போச்சு. வீடு பூரா காப்பர் போடணும்."

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். "இத்தினி வருசம் எரிஞ்சிதில்ல? என் வேலைல என்ன கொறய கண்டுட்ட?"

"உங்க வேலைல கொறையே இல்ல சார். நீட்டா பண்ணிருக்கீங்க. ஒயர்தான் சரியில்ல."

அப்பா இறங்கிப் போய்விட்டார். கேட் வரை வந்த எலெக்ட்ரீஷியன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மாத்துற வரைக்கும் மேல அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதுவும் பேடா, வேணாம் சார். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

சொன்னால், எப்போது மாற்றுவீர்கள் என்று அவள் கேட்பாள். நான் அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். பொம்மசந்திராவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்பும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காகிதத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மேலிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். போர்டு எரிந்து, பக்கத்துத் திரையிலும் தீ பற்றியிருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த யூனிஃபார்ம் தரையில் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கப் போனவளின் வலது கையில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. "அப்பா, மெயின ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன். அவர் நிறுத்தியதும் திரையைப் பிய்த்துப் போட்டு மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு கரண்டுக்காரர் வந்தாரே, என்ன சொன்னாரு?"

"அயர்ன் பாக்ஸ் போட வேணாம்னாரு."

"எங்கிட்ட சொல்லச் சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். புருவம் திருத்த நூல் பிடிக்கிற கை அது. மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து சாமான்களோடு அவளை ஊருக்கு அழைத்துப் போனார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அதே எலெக்ட்ரீஷியன் வந்து வீடு முழுக்கக் காப்பர் ஒயர் மாற்றினார். நான்கு நாளும் அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைசி நாள், பிடுங்கிப் போட்ட குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வளைத்தார். ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஒடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் அவளுக்கு போன் செய்தேன். சித்தப்பாவின் ஃபேன்சி ஸ்டோரில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். "ரெண்டு வெரல் மடங்கல அண்ணா. கஸ்டமர் வந்துட்டாங்க, வெக்கிறேன்."

போனை வைத்ததும் அப்பா கேட்டார்: "கை எப்டி இருக்காம்?"

"நல்லாயிடுச்சாம்பா."