மூக்கில் ஆவி வராத மாடுகள்

இது நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கனடாவின் சஸ்காட்செவனில், ஹ்ரின்கிவ் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையில், ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. சமையலறையில் மூன்று பேர். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் அண்ணன் ஓரெஸ்ட். ஜன்னலோரம், கேமராத் திரைக்கு எதிரே, அவன் மனைவி ஒக்சானா. கதவருகில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், தம்பி நெஸ்டர்.

போன குளிர்காலம் மேட்டு மேய்ச்சலில் தண்ணீர்த் தொட்டி உறைந்து பதினோரு மாடுகள் செத்தன. அந்த வருடம் நக்குவதற்குப் பனிகூட இல்லை. தொட்டியின் ஹீட்டரை அணைத்தது நெஸ்டர்தான் என்று ஓரெஸ்ட் ஊரெல்லாம் சொன்னான். "நான் தொடவே இல்லை" என்றது எடுபடவில்லை. பண்ணையில் பங்குள்ள அக்கா ஸ்டெஃபானியா கால்கரியில் இருக்கிறாள். அவளும் அண்ணனையே நம்பினாள். வசந்தத்துக்குள் நெஸ்டர் பண்ணையை விட்டுப் போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான், மேட்டுத் தொட்டியை வீட்டிலிருந்தே பார்க்க, அவன் கேமரா வாங்கினான். வீட்டிலிருந்து மேட்டுக்கு ஆறு கிலோமீட்டர். கூட வந்த குட்டி ஆன்டெனாவுக்கு எட்டவில்லை. வெளி ஆன்டெனா இரண்டு வாங்கி, வியாழக்கிழமை ஒன்றைக் கேமராவோடு மேட்டுக் கம்பத்தில் கட்டினான். சனிக்கிழமை மற்றதை வீட்டுக் கூரையில். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால்தான் படம் வரும். அவன் கூரையில் திருப்பத் திருப்ப, ஒக்சானா வாக்கி டாக்கியில் சிக்னல் அளவு சொன்னாள்.

"நாற்பது... அறுபது... இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். தொண்ணூறு. அசைக்காதே."

திருகுகளை முடுக்கிவிட்டு இறங்கி வந்தான்.

"சட்டியைக் கூரையில கட்டிட்டா செத்த மாடு எழுந்து வந்துடுமாடா?" என்றான் ஓரெஸ்ட்.

படம் தெளிவாக வந்தது. தொட்டித் தண்ணீரிலிருந்து ஆவி. சுற்றிலும் மாடுகள்.

மாட்டுக்காரர்கள் மந்தையைக் கண்டால் எண்ணாமல் விடமாட்டார்கள். ஓரெஸ்ட் எண்ணினான். அறுபத்து மூன்று. அவர்களிடம் இருப்பது ஐம்பத்திரண்டு.

"பக்கத்துப் பண்ணை மாடு பூந்திருக்கு. வேலி பாக்கவும் துப்பில்ல உனக்கு." வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒக்சானா திரையில் விரல் வைத்தாள்.

"நெஸ்டர்... இது ஒத்தக் கொம்பு. நாமதானே புதைச்சோம்?"

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மாடுகளின் மூக்கில் ஆவி குபுகுபுவென்று வந்தது. ஐம்பத்திரண்டு மூக்கில் மட்டும்.

1:05. வாக்கி டாக்கி கரகரத்தது.

"வந்துட்டேன். அம்பத்திரண்டுதான் நிக்குது. தொட்டி உறைஞ்சு கெடக்கு."

திரையில் தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"தொட்டிக்கிட்டதான். கை ஆட்டுறேன், தெரியலையா?"

தெரியவில்லை. திரையில் மனிதனே இல்லை.

பதினோரு தலைகள் திரும்பின... எல்லாம் தொட்டிக்கு அருகே ஒரே இடத்தை நோக்கி. மெல்ல நெருங்கின. வட்டமாக.

"ஒக்சானா... யாரோ மூச்சு விடுறாங்க இங்க."

"மாடா இருக்கும்."

"மாடெல்லாம் தள்ளி நிக்குது..."

புஸ்... புஸ்...

வாக்கி டாக்கியில் அவர்களுக்கும் கேட்டது.

"நெஸ்டர்... அந்த ஸ்விட்ச்... நான்தான்டா அணைச்சேன். கரண்டு மிச்சமாகும்னு. மறந்துட்டேன்..."

திரை கறுத்தது.

ஓரெஸ்ட் உயிரோடுதான் திரும்பினான். கோட்டின் முதுகு முழுக்க ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பயத்துல உளறிட்டேன்" என்றான்.

நெஸ்டர் கோடரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமைப் புயலில் மின்கம்பி அறுந்திருந்தது. பனிக்கட்டியை உடைத்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். பிறகு கேமராக் கம்பத்தைத் தேடினான்.

அது அடியோடு முறிந்து கிடந்தது. ஆன்டெனா பனிக்குள் குப்புற. கேபிள் அறுந்து, கேமரா ஒரு அடிப் பனிக்குக் கீழே. வெள்ளிக்கிழமை பெய்த பனி. மேலே ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

அப்படியானால் கூரையில் அவன் எதை நோக்கித் திருப்பினான்? தொண்ணூறு என்று பதில் தந்தது எது?

திங்கட்கிழமை அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினான். ஓரெஸ்ட் வாசற்படியிலேயே நின்றான்.

"பேய் பிசாசுன்னு என்ன வேணா எழுதிக்கோ. ஸ்விட்ச்சை மட்டும் விட்டுடுடா தம்பி."

தம்பி என்று அவன் கூப்பிட்டு ஒரு வருடமாயிற்று. நெஸ்டர் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினான். முஷ்டியால் ஒரு குத்து குத்தி அழுத்தினான். டவுனுக்கு ஓட்டிப்போய்த் தபால்பெட்டியில் போட்டான். உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை நின்றான்.