முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்த கை

என் மனைவி சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அவளைப் போன் திரையில்தான் பார்க்கிறேன். ஆசையாக அவள் கன்னத்தைத் தொட்டால் போன் கட்டாகிவிடும். எனக்கு வாய்த்த விரல் அப்படி.

இந்தக் கோடையில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. காலில் ரத்தம் கட்டியதால், ரத்தம் உறையாமலிருக்க முன்பே மாத்திரை தின்றுகொண்டிருந்தேன். வாய்க்காலே காய்ந்து கிடக்கிற மாதத்திலும் என் நரம்பில் மட்டும் ரத்தம் நிற்காமல் ஓட வேண்டுமாம். தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருக்கிறது என்றார்.

"நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. ரத்த மாத்திரையோட சேர்ந்தா உள்ளுக்குள்ளயே கசியும். ஈறுல ரத்தம், தோல்ல நீலம் தெரிஞ்சா உடனே வாங்க."

தலையாட்டினேன். பள்ளிக்கூடம் போகாதவன்தான், தலையாட்டுவதில் மட்டும் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

பத்தாம் நாள் வரப்பு வெட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. பாபநாசம் மருந்துக்கடையில், "உடம்பு வலிக்கு ரெண்டு செட்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று வழக்கம்போல வாங்கி விழுங்கினேன். இடுப்பு நிமிர்ந்தது. மறுநாள் பல் துலக்கினால் நுரை சிவப்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கத்தரிக்காய் நிறம்.

மனைவியிடம் காட்டினால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது மாதம். பாதியில் வந்தால் அந்த வேலை போய்விடும். முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போன் எடுத்தேன்.

"என்னங்க, இந்த வெயில்ல முழுக்கை? யாருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க?"

"எனக்குத்தான். நீதான் ஊர்ல இல்லையே."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். சிரித்ததுதான் தப்பு.

"பல்லுல என்னங்க ரத்தம்? சட்டையக் கழட்டுங்க."

கழற்றினேன். அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"போன வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

டாக்டர் திட்டிக்கொண்டே மறுபடி ஸ்கேன் பார்த்தார். அந்த உறைக்குள் ரத்தம் சேர்ந்தால் இதயத்தை நெருக்கிவிடுமாம். நல்லவேளை, சேரவில்லை. கடை மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டு, என்னை இரண்டு நாள் படுக்க வைத்தார்.

கட்டிலில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணும் இல்லையாம்."

"நான் வரட்டுமாங்க?"

"வேணாம். ஒம்பது மாசம் என்ன, ஓடிரும்."

"சரி, வச்சிரட்டுமா?"

வேறு எந்த ஜோக்கும் வாயில் வரவில்லை.

"வந்துரு புள்ள" என்றேன்.