வெள்ளைப் பூ வரும்வரை

இதை எழுத நினைத்துப் பல வருஷம் ஆகிறது. உட்காருவேன், வெட்கம் வந்து எழுந்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-இல் மகள் சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தாள். அவளுக்குச் சமைத்துப் போட மனைவியும் அங்கேயே வீடு பிடித்துத் தங்கினாள். கடலூர் முதுநகரில் நான் மட்டும். ஐஸ் ஃபேக்டரி வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது.

அப்போதுதான் நெல்லிக்குப்பம் பக்கம் மனைவியின் கரும்பு நிலத்தில் பாதியை விற்ற பணம் வந்தது. மகள் கல்யாணத்துக்கென்று பேங்கில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அவள் தம்பி ஷேர் வாங்கி விற்பவன். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியைச் சொல்லி, “கண்ண மூடிக்கினு வாங்கு மாமா, ஏறிக்கினே போவுது. அக்காகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்” என்றான்.

எங்கள் வீட்டில் எதற்கும் பூ கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி படத்தின் முன் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வீட்டில் குழந்தை ஏது? நானே எடுத்தேன். சிவப்பு. நானே எடுத்ததால் செல்லாது என்று சொல்லிக்கொண்டு மறுபடி குலுக்கினேன். மறுபடியும் சிவப்பு. வெள்ளை வரும்வரை குலுக்கிவிட்டுக் கற்பூரம் ஏற்றினேன்.

அந்தப் பணத்தில் ஷேரை வாங்கினேன். கொஞ்ச நாள் விலை ஏறியது. அடுத்த வருஷம் மார்க்கெட் சரிந்தது. மனைவி போனில் “சாப்டீங்களா?” என்பாள். சாப்பிடாமலே “ஆச்சு” என்பேன். கால்வாசி விலைக்கு வந்தபோது பயந்து விற்றேன்.

மச்சானைக் கேட்டேன்: “அந்தக் கம்பெனிக்கு லாபம் எவ்ளோடா வருது?”

“அது யாருக்குத் தெரியும் மாமா? வெலயத்தான் பாத்தேன்.”

நிலம் வாங்கும்போது வருஷத்துக்கு எவ்வளவு கரும்பு வெட்டலாம் என்று கேட்காமல் விலை பேசுவோமா? இதில் இரண்டு பேரும் அதைக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினேன். மனைவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“பூ பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“வெள்ளயா?”

“கடசியா வெள்ள.”

கத்தியைக் கீழே வைத்தாள். “கத்திரிக்கா வாங்குனா ஒவ்வொண்ணயும் திருப்பித் திருப்பிப் பாப்பீங்க” என்று லேசாகச் சிரித்தாள். பிறகு, “சாமிகிட்ட அத்தன வாட்டி கேட்டீங்களே, எங்கிட்ட ஒரு வாட்டி கேக்கக் கூடாதா?” என்றாள்.

அன்றைக்கும் சோறு போட்டாள். திட்டவே இல்லை. 2012-இல் கல்யாணம் கூடி வந்தபோது மீதி நிலத்தையும் விற்கத் தம்பியோடு போய்க் கையெழுத்துப் போட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. விளக்கேற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இதை யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். சாமி கைவிட்டுவிட்டது என்றோ, மச்சான் கெடுத்தான் என்றோ மாற்ற வேண்டாம். பாவம் அந்த மனுஷன் என்று எனக்காக ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம்.