கந்தோரடிச் சுவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய 'ற', எங்கே சின்ன 'ர' என்று மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்கும் சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறு சொல் போடுகிறோம்.

எங்கள் ஊர் கல்பிட்டிக்குப் போகும் வழியில், களப்பு எனும் கடல்நீரேரியின் ஓரத்தில் இருக்கிறது. பேர்பெற்ற இடங்கள் மூன்று. புளியடியில் புளியமரம் இல்லை. அது ஒரு காற்றில் விழுந்தது. அதன் விறகில்தான் என் கலியாணச் சோறு வெந்தது. கப்பலடியில் கப்பல் இல்லை. தண்ணீர் வற்றும்போது சேற்றில் ஒரு கறுத்த மரக்கட்டை தெரியும். அது கப்பல் இல்லை என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கந்தோரடியிலும் கந்தோர் இல்லை; ஆபீசைத்தான் நாங்கள் கந்தோர் என்போம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. கல்பிட்டியில் கோட்டை கட்டிய உலாந்தாக்காரர், அதாவது ஒல்லாந்தர், உப்பைக் காவல்பார்க்க இங்கே ஒரு கந்தோர் வைத்திருந்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

அந்தச் சுவர்தான் என் தேத்தண்ணிக் கடைக்குப் பின்சுவர். மற்ற மூன்று பக்கமும் தென்னங்கிடுகு. பஸ் கண்டக்டர் "கந்தோரடி!" என்று கத்தினால், காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர் யாராவது இறங்கிவிடுவார்.

"கந்தோர் எங்க?"

"அது பூட்டி முந்நூறு வருசம் நானா," என்பாள் மனைவி. "அடுத்த பஸ் வர நேரமீக்கி. தேத்தண்ணி குடிங்க."

எங்கள் கடையில் பேச்சு அவளுடையது, தேத்தண்ணி என்னுடையது. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போது, மீன் ஏற்ற வரும் லொறி கடைக்குப் பக்கத்துத் துறையடியில் திரும்ப இடம் போதாது, சுவரை இடிப்போம் என்று மீனவர் சங்கம் யோசித்தது. சுவர் போனால் கடையும் போகும். சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் நானா, அதாவது அண்ணன்; எனக்கு மச்சான். என் கடையிலேயே உட்கார்ந்து, என் தேத்தண்ணியையே குடித்துக்கொண்டு சொன்னார்:

"அது கந்தோருமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல மச்சான். உலாந்தாட கக்கூசு. கக்கூசுக்கு என்னத்துக்குச் சரித்திரம்?"

இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. நான் சீனிப் போத்தலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்தில நான் வந்து கதைக்க ஏலா," என்றாள் மனைவி. "அது ஆம்புளயளுட கூட்டம். நீங்கதான் வாயத் திறக்கோணும்."

அந்த வாரம் என் த்ரீவீல்காரக் கூட்டாளி ஒரு வயதான வெள்ளைக்காரரையும் அவருடைய மனைவியையும் கடைக்குக் கூட்டிவந்தான். ஒல்லாந்தின் வடகரையில் ஒரு சின்னக் கிராமமாம்.

"நமக்குச் சிங்களம் மாதிரி அவங்களுக்கு டச்சு," என்றான் கூட்டாளி. "வீட்டில வேற பாசையாம். கடல் ஏறும் எண்டு மேடு போட்டு, அதில ஊர் கட்டியிருக்காங்களாம். அங்கயும் ஒரு காத்தாலையடி ஈக்காம். காத்தாலை இல்லியாம்!"

எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது. அவர் சுவரைக் காட்டி என்ன என்று கேட்டார். கூட்டாளி "கந்தோர்" என்றான். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "கந்தோர்?" என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். அது அவர்களுடைய சொல்லாம். மனைவி அடுப்படியிலிருந்து ஒரு கைப்பிடி பீன்ஸ் காயைக் கொண்டுவந்து "போஞ்சி" என்றாள். அதுவும் அவர்களுடையதாம். இரண்டு கிளாஸ் குடித்தபின் பெரியவர் கூட்டாளியின் காதில் ஏதோ சொன்னார்.

"கக்கூசு எங்க மச்சான்?" என்று கூட்டாளி சத்தமாகக் கேட்டான்.

அந்த வெள்ளைக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அதுவும் அவர்களுடைய சொல்தானாம். ஆனால் அங்கே விருந்தாளி முன்னால் சொல்ல மாட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் கூடியது. மச்சான் மறுபடியும் கக்கூசுக் கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது கை தூக்க வேண்டியதுதான். நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது.

"கந்தோரும் உலாந்தாட சொல்லு, கக்கூசும் உலாந்தாட சொல்லு," என்றேன். "இது எதெண்டு எனக்குத் தெரியா. கக்கூசெண்டே வைங்க மச்சான். முந்நூறு வருசமா நிக்கிது. நம்மட சங்கம் துறையடியில கட்டின கக்கூசு மூணு மாரிக்கு நிக்கல்லியே!"

அந்தக் கக்கூசைக் கட்டுவித்தவர் மச்சான்தான். முதலில் மௌலவி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்; அவர் தோள் குலுங்கியது. அதோடு கூட்டமே வெடித்தது. கடைசியில் மச்சானும் சிரித்துவிட்டார்.

பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப அந்த விழுந்த கக்கூச அள்ளினா லொறி திரும்பாதா?"

எல்லாரும் எழும்பிப் போய்ப் பார்த்தோம். திரும்பும்.

கல்லை அள்ளி முடித்த அன்றைக்கு மச்சான் கடைக்கு வந்தார்.

"வெள்ளைக்காரன்ட ஊரில இடத்துக்கு இடம் பலகை ஈக்காமே. கதைக்கத் தெரிஞ்சவன் எழுதவும் வேணும். சுவருக்கு நீயே எழுது. சீனி கொஞ்சம் கூடப் போடு."

பல மாதம் கடத்திவிட்டேன். இப்போது எழுதிப் பார்த்தால் பலகை கொள்ளாத அளவுக்கு நீண்டுவிட்டது. பலகைக்கு ஒரு வரி போதும்: 'உலாந்தாக் கந்தோர் அல்லது கக்கூசு.' பின்னதை வெட்டச் சொல்கிறாள் மனைவி. முன்னதை வெட்டச் சொல்கிறார் அவளுடைய நானா. இரண்டும் இருக்கட்டும்.

ஷஃபான் பிறை பதினொன்று, வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன்.