விட்டுப்போன வினைச்சொல்

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அரவேணுவிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். எங்களிடம் தேயிலை வாங்குபவர்களில் ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் பெரியவர். அவருடைய மொழியிலேயே எழுதினால் சந்தோஷப்படுவார் என்று முதலாளி சொல்லித்தான் ஆன்லைனில் ஜெர்மன் படித்தேன்.

அதில் எனக்குப் பிடித்தது வினைச்சொற்கள் ஒன்றோடொன்று சேரும் விதம். நம்மைப்போலவே அவர்களும் சில வாக்கியங்களில் வினைகளைக் கடைசிக்குத் தள்ளி வரிசையாக நிறுத்துகிறார்கள். 'ப்ரூஃபன்' என்றால் சோதிப்பது. கூடவே 'லாஸன்' வந்தால் அடுத்தவரைக் கொண்டு சோதிக்க வைப்பது. முடிந்துபோனதைச் சொல்லும்போதும் அந்த இரண்டும் உருமாறாமல் அப்படியே நிற்கும். வகுப்பில் எல்லோரும் தடுமாறிய இடம் அது. நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போன வருடம் பெரியவருக்கு ஒரு சரக்கு கிளம்ப இருந்தது. இலையில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

"சோதிக்க வெச்சுட்டோம்னு எழுதிரும்மா" என்றார் முதலாளி.

"சாம்பிளே இன்னும் அனுப்பலீங்களே."

"அனுப்பிக்கலாம். நீ எழுது."

எழுதினேன். இலக்கணம் சுத்தமாக இருந்தது. சாம்பிள் கடைசிவரை போகவில்லை.

சரக்கு அங்கே போய்ச் சோதனையில் மாட்டிக்கொண்டது. பெரியவர் ஆய்வக அறிக்கையைக் கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சோதிக்க வெக்கணும்னு இருந்தோம்ங்கறத எப்படிம்மா எழுதுவே?"

"கடைசில 'வோலன்'னு இன்னொரு வினை சேக்கணுங்க. மத்ததெல்லாம் அப்படியேதான்."

"அந்த ஒரு வார்த்தைதான் வித்தியாசமா?"

"ஆமாங்க." அக்கறையாகக் கேட்கிறாரே என்று தாளில் எழுதியும் காட்டினேன்.

அன்று மாலையே அவர் ஆங்கிலத்தில் பெரியவருக்கு எழுதினார். எங்கள் அலுவலகப் பெண்ணுக்கு ஜெர்மன் அரைகுறை, கடைசி வினையை விட்டுவிட்டாள் என்று. அலுவலக மெயிலை நான்தான் பார்ப்பேன் என்பது முதலாளிக்குத் தெரியும்.

போய்க் கேட்டேன்.

"உனக்கு என்னம்மா கொறஞ்சுபோச்சு? ஏவாரம் நெலச்சு நிக்கோணுமில்ல" என்றார்.

பெரியவர் எனக்கே பதில் எழுதினார். கோபமில்லை. வருத்தப்படாதே, எங்கள் பிள்ளைகளுக்கும் இது குழப்பம்தான் என்று ஆரம்பித்து, இரண்டு வினை சேர்ந்தால் எப்படி, மூன்று சேர்ந்தால் எப்படி என்று உதாரணங்களோடு விளக்கியிருந்தார். எல்லாமே எனக்குத் தெரிந்தவை. படிக்கப் படிக்க முகம் எரிந்தது.

நடந்ததை அவருக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் போகவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அழித்துவிட்டு, திருத்தியதற்கு நன்றி, இனிக் கவனமாக இருப்பேன் என்று அனுப்பினேன்.

இப்போது ஜெர்மன் கடிதங்களைக் கம்ப்யூட்டரே மொழிபெயர்க்கிறது. நான் பில் போடுகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பெரியவர் அனுப்பிய ஜெர்மன் இலக்கணப் புத்தகம், புதிதாகப் படிப்பவர்களுக்கானது. முதலாளிதான் பிரித்து என் மேசைமேல் வைத்தார்.

"நல்ல மனுசன்" என்றார். "படிச்சு வெய்யிம்மா."